கூரை ஒழுகுகிறது, ஜூலையில் பரீட்சை

கேள்வி: ஹட்டன் டவுனுக்குச் சற்று மேலே, ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை ஒருவருடைய வீட்டின் பின்பக்க இரண்டு அறைகளில் நானும் தம்பியும் ஒன்றரை வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். மாதம் 18,000 ரூபாய், ஆறு மாத அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஜூலையில் ஏ.ஏ.டி. என்கிற கணக்கியல் பரீட்சையின் மூன்றாம் நிலை. ஒரு தடவை ஏற்கெனவே கோட்டை விட்டாச்சு. ஏப்ரல் 22 ஆம் திகதி பெய்த மழையில் தகரம் ஒழுகி, சீலிங்கில் ஒரு துண்டு நான் படிக்கிற மேசைமேல் விழுந்தது. கூரையைத் திருத்த, வேலைக்கு வரும் பாஸ் 46,000 ரூபாய் கேட்கிறார். வீட்டுக்கார மாமா, பாதியை நீங்கள் போடுங்கள், இல்லாவிட்டால் அட்வான்ஸில் கழிப்பேன் என்கிறார். ‘சின்னச் சின்ன ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு’ என்று எக்ரிமன்டில் இருக்கிறதாம். வேலை விட்டு வந்தால் தினமும் இதே சண்டைதான். புத்தகமெல்லாம் பூஞ்சணம். பின்சுவரில் தண்ணீர் ஊறுகிறது, ஒரு வெடிப்பும் விட்டிருக்கிறது, பின்கதவும் இப்போது சரியாக மூடுவதில்லை. வீட்டை விட்டுவிடுவதா? பரீட்சையை ஜனவரிக்குத் தள்ளிப் போடுவதா?
— ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அதில் மூன்றரைப் பக்கம் அந்த 23,000 ரூபாயைப் பற்றியது. பின்கதவு மூடுவதில்லை என்பது கடைசியில் ஒரே ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது.

மலைநாட்டில் கதவு இறுகினால் இரண்டு காரணம் இருக்கலாம். ஈரத்தில் பலகை ஊதியிருக்கலாம். அப்படியென்றால் இரண்டு நாள் வெயில் அடித்ததும் தளர்ந்துவிடும். இல்லையென்றால் கதவு நிற்கிற சட்டமே சரிந்திருக்கலாம், அதாவது வீட்டுக்கு அடியில் மண் அசைகிறது. எது என்று தெரிந்துகொள்ள ஒரு பென்சில் போதும். வெடிப்பின் இரண்டு நுனியிலும் குறுக்காக ஒரு சிறு கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பாருங்கள். வெடிப்பு கோட்டைத் தாண்டி ஓடியிருக்கிறதா? பின்னால் மேட்டில் புதிதாக ஊற்று கிளம்பியிருக்கிறதா, தெளிவாக வந்த தண்ணீர் கலங்கி வருகிறதா, மரமோ போஸ்ட் கம்பமோ சாய்ந்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அது நீங்களும் மாமாவும் பேசித் தீர்க்கிற விஷயமில்லை. அன்றைக்கே கிராம சேவகரிடம் சொல்லுங்கள். நுவரெலியாவில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. வந்து பார்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிரு, 100 ஐத் தாண்டினால் தயாராகு, 150 ஐத் தாண்டினால் வெளியேறு என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. இரவில் ஏதாவது என்றால் 117 க்கு அடியுங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அங்கே ஆபத்து என்று அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது என்பதையும்தான்.

மண் அசைகிறது என்று தெரிந்தால், அட்வான்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். சொந்தக்காரர் வீடோ சிநேகிதி வீடோ, எங்கேயாவது. வெறும் ஈரம்தான் என்றால் பரீட்சை முடியும் வரை வீடு மாறாதீர்கள். வீடு தேடுவதும் சாமான் ஏற்றுவதும் பதினைந்து நாளைத் தின்றுவிடும்.

இனிக் கூரை. 46,000 ரூபாய் வேலையை இந்த மாதம் செய்தே ஆக வேண்டும் என்றில்லை. தென்மேற்கு மழை செப்டெம்பர் வரை ஹட்டனை விடாது. அதற்குள் தகரத்தைக் கழற்றி மாட்ட எந்த பாஸும் சந்தோஷமாக வரமாட்டார், வந்தாலும் பாதியில் நிற்கும். இப்போதைக்கு ஒழுக்கை நிறுத்தினால் போதும். பெரும்பாலும் தகரம் ஒழுகுவது ஆணி அடித்த இடத்தில்தான். வாஷர் ரப்பர் வெடித்திருக்கும். அந்த ஆணிகளை மட்டும் மாற்றி, மேலே ஒரு நல்ல படங்கைப் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். கூரைப் பீலியில் டர்பன்டைன் மரத்து இலை அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பீலி அடைத்தால் தண்ணீர் நிரம்பிச் சுவருக்குள் இறங்கும். பின்சுவர் ஈரத்தில் பாதி அதனால் வந்ததாகக்கூட இருக்கலாம். வீட்டுக்குப் பின்னால் போகிற கானையும் வெட்டிவிடுங்கள். இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஆனால் பாஸைக் கூப்பிடுவதற்கு முன்னால் மாமாவுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அவர் கணக்கப்பிள்ளை, வாழ்நாள் முழுக்க செக்ரோல், அதாவது தொழிலாளரின் வேலைநாள் ஏடு எழுதியவர். வாய்ப்பேச்செல்லாம் அவருக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தோடு போய்விடும், தாளில் இருந்தால்தான் கணக்கு. இப்படி எழுதினால் போதும்:

“மாமா, ஏப்ரல் 22 ஆம் திகதி மழையில் கூரை ஒழுகி சீலிங் விழுந்தது. படம் இத்துடன் இருக்கிறது. மேலும் நட்டம் வராமலிருக்க ஞாயிற்றுக்கிழமை தற்காலிகமாகப் படங்கு போடுவதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். பில்லைத் தருகிறேன். அந்தத் தொகையை வாடகையில் கழிக்கச் சம்மதமென்றால் கீழே கையெழுத்து வையுங்கள். முழுத் திருத்த வேலை யாருடைய செலவு என்பதை ஆகஸ்டில் பேசுவோம். அதுவரை வாடகை வழக்கம்போல வரும்.”

இரண்டு பிரதி. ஒன்றில் அவர் கையெழுத்து, அது உங்களிடம். அவர் கையெழுத்து வைக்காவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சம்மதம் எழுத்தில் வராமல் வாடகையில் ஒரு ரூபாய்கூடக் கழிக்காதீர்கள். இப்போது உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது, வாடகை பாக்கி வைத்த அன்றைக்கே அது போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். எழுதிய சட்டமோ ஒப்பந்தமோ பேசாத இடத்தில் நம் நாட்டில் ரோமன் டச்சுச் சட்டம்தான். அதன்படி, குடியிருக்கத் தக்க நிலையில் வீட்டை வைத்திருப்பது வீட்டுக்காரர் வேலை. ‘சின்னச் சின்ன ரிப்பேர்’ என்றால் பல்ப், பூட்டு, குழாய் வாஷர். 46,000 ரூபாய்க் கூரையைச் சின்ன ரிப்பேர் என்று சொல்ல மாமாவுக்கே வாய் கூசும். ஆனால் உங்கள் எக்ரிமன்டை எடுத்துப் பாருங்கள், அது நொத்தாரிசு, அதாவது உறுதி எழுதும் சட்டத்தரணி முன் எழுதியதா? கடையில் வாங்கிய படிவத்தில் முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டதென்றால், மேலே ஒரு வருடம், இரண்டு வருடம் என்று எழுதியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் மாத வாடகைக்காரர்தான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு உறுதியாக இருக்க வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்தே இங்கே சட்டம். அதனால் அவர் மாத அறிவித்தல் கொடுக்கலாம். அதற்காக அவரே பூட்டை மாற்றி உங்களை வெளியே போட முடியாது, அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். மீறிச் செய்தால் உடனே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இருப்பை மீட்டுத் தர நீதிமன்றத்துக்கு வழியிருக்கிறது, ஆனால் இரண்டு மாதத்துக்குள் விஷயம் அங்கே போயாக வேண்டும். 1972 ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. உங்களுடையதற்குப் பொருந்துமா என்பதை சட்ட உதவி ஆணைக்குழுவில் காட்டிக் கேளுங்கள்.

கேஸ் போடுவதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். ஆகஸ்டிலும் மாமா இறங்கி வராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். அங்கே சட்டத்தரணி வந்து வாதாட முடியாது. பெரும்பாலும் சனி, ஞாயிறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடும், உங்கள் வேலைக்கும் இடைஞ்சல் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேருக்கு முன்னால் படமும் பில்லும் கடிதமும் எடுத்து வைத்தால், கணக்குத் தெரிந்த மனிதர் அரை மணித்தியாலத்தில் வழிக்கு வருவார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, சண்டைக்கு வருவோம். உங்கள் படிப்பைக் கெடுப்பது ஒழுக்கு இல்லை தங்கச்சி, சண்டைதான். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், பண்டாரவளையில் போர்டிங்கில் இருந்தபோது நானும் இதையே செய்தேன். குளியலறைக் குழாய் சொட்டியது. மாற்ற வேண்டியது ஒரு வாஷர், முப்பது ரூபாய்கூட இருக்காது. அதை யார் வாங்குவது என்று எனக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கும் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. அந்த மாதம்தான் எனக்கு அரசாங்க வேலையில் சம்பள உயர்வுக்கான தடைதாண்டல் பரீட்சை. இரவில் அரச ஊழியருக்கான விதிகள் அடங்கிய தாபன விதிக்கோவையைத் திறந்து வைத்துக்கொண்டு, நாளைக்கு அந்த அம்மா இப்படிக் கேட்டால் நான் அப்படிச் சொல்வேன் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாம் அருமையான வசனங்கள். ஒன்றையாவது சொன்னேனா, இல்லை. பரீட்சை மண்டபத்திலும் அவைதான் ஞாபகத்துக்கு வந்தன, விதிக்கோவை வரவில்லை. பெயில். சம்பள உயர்வு அடுத்த பரீட்சை வரைக்கும் நின்றது. வாஷரைக் கடைசியில் இன்னொரு போர்டிங் பிள்ளை வாங்கிப் போட்டாள்.

நீங்கள் கணக்கியல் படிக்கிறவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 37 இல் ‘நிகழத்தக்க சொத்து’ படித்திருப்பீர்கள். வருமா வராதா என்று தெரியாததை ஏட்டில் சொத்தாகப் பதியக் கூடாது. மாமாவிடமிருந்து கிடைக்கப்போகிற நியாயமும் அந்த வகைதான். ஒரு குறிப்பாக எழுதி வைத்துவிட்டு ஆகஸ்டில் திரும்பிப் பாருங்கள். ஏ.ஏ.டி. பரீட்சை ஜனவரியிலும் ஜூலையிலும்தான். இந்தத் தடவையை விட்டால் போவது முழுசாக ஆறு மாதம். ஜனவரியில் ஹட்டனில் மழை குறைவு என்பது உண்மைதான், அதற்காக ஆறு மாதத்தைக் கொடுக்கலாமா? தள்ளிப் போட வேண்டாம்.

சண்டைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள், ஞாயிறு பின்னேரம் நான்கிலிருந்து ஐந்து வரை. கடிதம், படம், பில் எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்தில். நடுக் கிழமையில் மாமா படியில் மறித்தால், “ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுவோம் மாமா, பரீட்சை இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். அவரும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவராகத்தான் இருப்பார்.

வேலை விட்டதும் நேரே அந்த வீட்டுக்குப் போகாதீர்கள். கடை முதலாளியிடம் கேட்டு, கடை பூட்டும் வரை ஒரு மூலையில் உட்கார்ந்து ஒன்றரை மணித்தியாலம் படித்துவிட்டுப் போங்கள். மாமா படுத்த பிறகு போய்ச் சேர்ந்தாலும் நல்லதுதான். லீவு நாளில் நூலகத்தில் ஒரு பழைய வினாத்தாளை மூன்று மணித்தியாலம் நேரம் வைத்து எழுதுங்கள். வாசித்துக்கொண்டே இருப்பதைவிட அதுதான் உங்களுக்கு இப்போது வேண்டியது, முதல் தடவை எங்கே சறுக்கியது என்பது அதில் தெரியும். அனுமதி அட்டை வந்ததும் அதையும் அடையாள அட்டையையும் ஒரு பொலித்தீன் உறையில் போட்டுக் கடை லாச்சியில் வையுங்கள். சீலிங் இன்னொரு துண்டு எப்போது விழும் என்று யாருக்குத் தெரியும்.

பூஞ்சணம் பிடித்த புத்தகங்களை வெளியே காற்றில் விரித்து, காய்ந்த பிறகு மூக்கைக் கட்டிக்கொண்டு தூரிகையால் தட்டுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். என்னிடம் ஓரம் கருகிய விதிக்கோவை ஒன்று இன்னும் இருக்கிறது.

அப்புறம், இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிற நாளில் வெயில் இருந்தால் முதலில் போய் அந்தப் பின்கதவைத் தள்ளிப் பாருங்கள். மூடுகிறதா இல்லையா என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.