மிச்ச மாத்திரையும் முட்டி வலியும்

சாரல் தொடங்கியதும் தொண்டை வலிக் கடிதங்களும் வரத் தொடங்கிவிட்டன. பாதிப் பேர் வயதை எழுதவில்லை. ஐந்து வயதுத் தொண்டை வேறு, ஐம்பது வயதுத் தொண்டை வேறு. எத்தனை முறை சொல்வது?

ஐந்து நாளாகக் காய்ச்சல். வலது பக்கம் மட்டும் வலி, காது வரை குத்துகிறது. வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது. எந்த மாத்திரை போடலாம்? (மேலப்பாளையம்)

இது மாத்திரைக் கேள்வியே இல்லை. டான்சிலை ஒட்டிச் சீழ் கட்டியிருக்கும். பேச்சுகூடச் சுடுசோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்குமே? ஊசியால் ஒன்றிரண்டு ஸ்பூன் சீழை எடுத்துவிட்டால், பலருக்கு அன்றைக்கே கஞ்சி இறங்கும். அப்படியே விட்டால் சீழ் கழுத்துக்குள் இறங்கி நெஞ்சு வரை போகலாம். வாய் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சில் சத்தம் வருகிறது என்றால் கடிதம் எழுதாதீர்கள், கிளம்புங்கள்.

பிள்ளைக்குத் தொக்கம் எடுக்கலாமா? (சுரண்டை)

தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நாட்டு முறையில் எடுப்பதுதானே? கூடாது. அதிலும் எச்சில் ஒழுக, முன்னால் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கும் பிள்ளையின் வாய்க்குள் விரலோ ஸ்பூனோ விடவே கூடாது. படுக்க வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மகளுக்கு மூன்று வாரம் முன்பு தொண்டை வலி. மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கினோம், சரியாகிவிட்டது. இப்போது ஒரு முட்டி வீங்கி, அது வடிந்ததும் மறு முட்டி வீங்குகிறது. வளர்கிற வலிதானே? (அம்பாசமுத்திரம்)

வயது? சரி, பள்ளிக்கூடப் பிள்ளை என்று வைத்துக்கொள்கிறேன். வளர்கிற வலியில் முட்டி வீங்காது. இது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். 5 முதல் 15 வயதுக்குள்தான் அதிகம். தொண்டை வலியைக் கொடுத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை அடிக்க உடம்பு கிளப்பிவிட்ட எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் மூட்டையும் இதய வால்வையும் சேர்த்து அடிக்கிறது. மூட்டு சுவடில்லாமல் ஆறிவிடும். வால்வில் விழுந்த தழும்பு போகாது. நாளைக்கே டாக்டரிடம் காட்டி ஏ.எஸ்.ஓ. (அந்தக் கிருமி வந்துபோனதா என்று காட்டும்) ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்) மூன்றையும் எடுங்கள்.

இனி என் பழைய புலம்பல். பத்துத் தொண்டை வலியில் ஏழெட்டு வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். மிச்சம் இரண்டு மூன்றுக்கு அமாக்சிசிலின் என்றால் பத்து நாள். நம் ஊரில் வேண்டாதவனுக்கும் மூன்று நாள், வேண்டியவனுக்கும் மூன்று நாள். மூன்றாம் நாள் வலி போய்விடும், மிச்ச அட்டை ஃப்ரிட்ஜ் மேல் ஏறிவிடும், அடுத்த மாதம் அது தம்பிக்கு.

அப்படி ஒரு அட்டையை ஒரு அம்மா என் மேஜையில் எடுத்து வைத்தார். பத்துக் குழியில் நாலுதான் காலி. பக்கத்தில் நின்ற பையனுக்கு ஒரு மாடி ஏறி வந்த இளைப்பு இன்னும் அடங்கவில்லை. எக்கோவில் மைட்ரல் வால்வு ஒழுகியது. இப்போது அவனுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. வால்வு கெட்டவர்களுக்கு இது 40 வயது வரைகூடத் தொடரும். போன முறை, “ஊரில் கோயில் கொடை, விட்டுப்போச்சு” என்றார்கள். கொடைக்கு ஒரு தேதி இருக்கிற மாதிரி ஊசிக்கும் தேதி உண்டு, அம்மா!

இன்னொன்று. வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் சரியான மருந்தை ஆரம்பித்தாலே ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். முதல் நாள் சாயங்காலமே மெடிக்கலுக்கு ஓட வேண்டியதில்லை. டாக்டரைப் பார்க்க நேரம் இருக்கிறது.

தொண்டை வலி போய்ப் பத்து நாள் கழித்து மகனுக்குச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. காலையில் முகம் வீங்குகிறது. (வள்ளியூர்)

சிறுநீரகம். அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி விட்டுப்போன வேலை. இன்றே சிறுநீர்ப் பரிசோதனை, கூடவே பிரஷர். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முழுக்கச் சரியாகிவிடும். பிரஷர் எகிறினால்தான் வலிப்பு வரை போகும். உப்பைக் குறையுங்கள். சூடு என்று நினைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் கொடுக்காதீர்கள்.

கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தை. தாடைக்கு அடியில் பலகை மாதிரி இறுகியிருக்கிறது, நாக்கு மேலே தூக்குகிறது. (பேட்டை)

இதை எழுதிய நேரத்துக்கு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்திருக்கலாம். மூச்சே அடைத்துவிடும். கிளம்புங்கள்.

லெமியர் நோய் என்று படித்தேன். எனக்கும் வருமா? (பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்)

வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு. 1936-இல் லெமியர் என்ற பிரெஞ்சு மருத்துவர் விரிவாக எழுதியது. வயது என்னவோ உங்கள் வயதுதான். தொண்டை வலிக்குப் பின்னாலேயே நடுக்கத்தோடு காய்ச்சல், கழுத்தின் ஒரு பக்கம் வீக்கம், நெஞ்சு வலி என்று வரும். கழுத்துச் சிரையில் ரத்தம் உறைந்து, சீழ்த் துணுக்குகள் நுரையீரலுக்குப் போகும். இதெல்லாம் இல்லை என்றால் பரீட்சைக்குப் படியுங்கள்.

பள்ளியில் 10 வயதில் போடும் ஊசி அவசியமா? (முக்கூடல்)

அவசியம். 16 வயதிலும் போடுங்கள். அது தடுக்கும் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) இன்னும் ஒழியவில்லை.

சுக்குக் கருப்பட்டிக் காப்பி குடிக்கலாமா? (ஊர் பெயர் இல்லை, வயதும் இல்லை)

தாராளமாக. உப்பு வெந்நீரில் கொப்பளிப்பதும் நல்லது. எச்சில்கூட இறங்கவில்லை என்றால் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். முதல் கடிதத்துக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.