என் இடத்துக்கு வந்தவனுக்கு நானே சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

(இந்த மாதம் முழுக்க அமெரிக்கக் கால்பந்து. கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த மாதம் உண்டு.)

சார், எங்கள் வீட்டில் சில வருடங்களாக ஓயாத சண்டை இது. 2022-ல் எங்கள் ஊர் டைட்டன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ரயன் டானஹில், புதிதாக வந்த மாலிக் வில்லிஸுக்குச் சொல்லிக் கொடுப்பது தன் வேலை இல்லை என்றார். என் கணவர் அதைச் சுயநலம் என்கிறார். பள்ளி அணியில் ஆடும் என் மகன் நியாயம் என்கிறான். நீங்கள் யார் பக்கம்?
– ஒரு வாசகி, நாஷ்வில்

முக்கால் பங்கு மகன் பக்கம். மிச்சக் கால் பங்குக்குப் பிறகு வருகிறேன்.

டானஹில் அன்று சொன்னதில் இரண்டு பாதி உண்டு. அவனுக்கு வழிகாட்டுவது என் வேலை என்று நான் நினைக்கவில்லை என்பது ஒன்று. போகிற வழியில் என்னிடமிருந்து எதையாவது கற்றுக்கொண்டால் ரொம்ப நல்லது என்பது இன்னொன்று. முதல் பாதி தலைப்புச் செய்தி ஆனது, இரண்டாவதை யாரும் சீண்டவில்லை. அவர் எந்த நிலையில் பேசினார் என்பதையும் மறந்துவிட்டார்கள். அந்த ஜனவரியில்தான் டைட்டன்ஸ், தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்த கையோடு, சொந்த மைதானத்தில் சின்சினாட்டியிடம் 19-16 என்று தோற்றது. டானஹில் வீசிய மூன்று பந்துகள் எதிரணியின் கைக்குப் போயின. கண்ணை மூடினால் அந்த ஆட்டம்தான் ஓடியது, சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது என்று அவர் மனம்விட்டுச் சொன்னதும் அதே பேட்டியில்தான். தோற்ற மூன்றாவது மாதம், ஏப்ரலில், புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அணி நிர்வாகம் 86-வது ஆளாக வில்லிஸைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தது. அந்த மனிதரிடம் போய் “பையனுக்கு நீங்கள்தானே பாடம் எடுப்பீர்கள்?” என்று கேட்டால் வேறு என்ன வரும்?

டானஹில் அந்த இடத்துக்கு எப்படி வந்தார் என்று உங்கள் கணவருக்கு நினைவிருக்கும். 2019-ல் மயாமியிலிருந்து வந்தபோது அவர் மார்கஸ் மரியோட்டாவுக்கு மாற்று ஆள். அக்டோபரில் டென்வரில் ஒரு ஆட்டம் மோசமாகப் போனது, நடுவிலேயே மரியோட்டாவை உட்காரவைத்து இவரை இறக்கினார்கள். மரியோட்டாவுக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இந்த ஆட்டத்தைப் பார்க்காத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு அணியில் 53 பேர் இருந்தாலும் குவார்ட்டர்பேக் என்று களத்தில் நிற்பவர் ஒருவர்தான். முன்வரிசைத் தடுப்பாட்டக்காரர்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள், பந்து பிடிப்பவர்கள் ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேர் ஓடுவார்கள். அவர்களுக்குள் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு பேருமே ஆடலாம். குவார்ட்டர்பேக்குக்கு அந்த வசதி கிடையாது. முதல் ஆள் நன்றாக இருந்தால் இரண்டாமவர் வருடம் முழுக்கத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். சீசன் தொடங்கிவிட்டால் பயிற்சியிலும் பெரும்பங்கு முதல் ஆளுக்கே போகும். இரண்டாமவர் அடுத்த வாரத்து எதிரணியின் குவார்ட்டர்பேக் மாதிரி நடித்துக் காட்டுவார். ஆக, அவர் கற்றுக்கொள்ளும் இடம் ஆட்டப் பதிவுகளைப் போட்டுப் பார்க்கும் அந்தச் சின்ன அறைதான். அங்கே சொல்லித் தருவதற்கென்றே சம்பளம் வாங்கும் கோச் ஒருவர் இருக்கிறார். பாடம் எடுக்கவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது அவரை.

கிரீன் பே பேக்கர்ஸ் ரசிகர் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். ஆனால் ஃபார்வ், ராஜர்ஸ் கதைக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறீர்களே!
– ஒரு வாசகர், சிகாகோ

சிகாகோக்காரர் கேட்பார் என்று எதிர்பார்த்ததுதான். வருகிறேன்.

எங்கள் பழைய குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வ். எழுத்தைப் பார்த்தால் ஃபாவ்ரே என்று படிக்கத் தோன்றும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அப்படிச் சொல்லிப் பட்டறையே சிரித்தது. அவருக்கு 35 வயதாக இருந்தபோது, 2005-ல், அணி முதல் சுற்றில் 24-வது ஆளாக ஆரன் ராஜர்ஸை எடுத்தது. ராஜர்ஸைத் தயார்செய்து தர வேண்டும் என்று என் கான்ட்ராக்ட்டில் இல்லை, என்னைப் பார்த்து ஏதாவது எடுத்துக்கொண்டால் சரி என்று ஃபார்வ் சொன்னார். டானஹில் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான், 17 வருடம் கழித்து.

ஃபார்வுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. 1992 செப்டம்பரில் கிரீன் பேயின் முதல் குவார்ட்டர்பேக் அவர் இல்லை, டான் மகௌஸ்கி. சின்சினாட்டியோடு ஆடும்போது மகௌஸ்கியின் கணுக்கால் மடங்கியது. உள்ளே வந்த ஃபார்வ் அந்த ஆட்டத்தை வென்று கொடுத்தார். அடுத்த வாரம் தொடங்கி 2010 டிசம்பர் வரை, நடுவில் அணிகள் மாறினாலும், தொடர்ந்து 297 ஆட்டங்களில் முதல் ஆளாக இறங்கினார். ஒரு கணுக்காலில் வந்த வேலை அது. யாராவது ஒருவர் பின்னால் நின்றாலே அவருக்கு முதுகு கூசியிருக்கும்.

2008 மார்ச்சில் ஓய்வு என்று கண்கலங்கினார், கோடையில் திரும்பி வருகிறேன் என்றார், ஆகஸ்டில் அவரை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் பட்டறையில் அந்தக் கோடையில் காபி மேசைகூட இரண்டாகப் பிரிந்தது. நான் ஃபார்வ் மேசையில் இருந்தேன், அதை மறைக்கவில்லை. 2011 பிப்ரவரியில் ராஜர்ஸ் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்றபோது எழுந்து அடுத்த மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டோனட் ஒன்றை மட்டும் நகர்த்தி வைத்தார்கள்.

இதற்கு மேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. 2020-ல் ராஜர்ஸுக்கு 36 வயது. அணி வேறொரு அணியோடு பேரம் பேசி டிராஃப்ட் வரிசையில் மேலே ஏறிப் போய் 26-வது இடத்தில் ஜோர்டன் லவ் என்ற இளம் குவார்ட்டர்பேக்கை எடுத்தது. ராஜர்ஸ் எரிச்சலாகத்தான் இருந்தார். நிர்வாகத்தோடு முட்டிக்கொண்டார், அந்த வேகத்திலேயே அடுத்தடுத்து இரண்டு வருடம் லீகின் மிகச்சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். ஆனால் பையனிடம் அந்த எரிச்சலைக் காட்டவில்லை, லவ் அவரைப் பற்றி நல்லபடியாகவே பேசியிருக்கிறார். 2023-ல் ராஜர்ஸையும் அனுப்பினார்கள். எங்கே? அதே நியூயார்க் ஜெட்ஸுக்கு! லவ் தன் முதல் முழு சீசனிலேயே டல்லஸ் ஊருக்குப் போய் பிளே-ஆஃப் ஆட்டத்தில் 48-32 என்று அவர்களை உருட்டிவிட்டு வந்தார்.

ஃபார்வ் சொல்லிக் கொடுக்கவில்லை, ராஜர்ஸ் வந்துவிட்டார். ராஜர்ஸ் நன்றாக நடந்துகொண்டார், லவும் வந்துவிட்டார். மூத்தவர்கள் இருவரும் ஏறிய வண்டி ஒரே ஊருக்குத்தான் போனது. வாயை மூடிக்கொண்டால் இடம் மிஞ்சும் என்பவர்கள் எனக்கு ஒரு ஆளைக் காட்டட்டும்.

அலெக்ஸ் ஸ்மித்? சொல்லிக் கொடுத்தே ஏமாந்தவர் இல்லையா அவர்?
– ஒரு வாசகர், கன்சாஸ் சிட்டி

உங்கள் ஊர்க்காரரை நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி?

ராஜர்ஸ் 24-வதாகப் போன அதே 2005-ல் முதல் ஆளாகப் போனவர் ஸ்மித். சான் பிரான்சிஸ்கோவில் பல வருடம் அடிவாங்கி, ஒருவழியாக 2012-ல் வீசும் பந்தில் 70 சதவீதம் ஆள் கையில் சேருகிறது என்ற நிலைக்கு வந்தார். நவம்பரில் தலையில் அடி. குணமாகித் திரும்பினால் அவர் இடத்தில் காலின் கேப்பர்னிக். அந்த சீசனின் சூப்பர் பௌலை ஸ்மித் ஓரத்தில் நின்றுதான் பார்த்தார். இடம் பறிபோவது எப்படியிருக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இருக்க முடியாது.

அப்படிப்பட்டவர் கன்சாஸ் சிட்டிக்கு வந்து நான்கு வருடம் ஒழுங்காக ஆடிய பிறகு, 2017-ல் உங்கள் சீஃப்ஸ் 27-லிருந்து 10-வது இடத்துக்கு ஏறிப் போய் பேட்ரிக் மஹோம்ஸை எடுக்கிறது. அந்த நொடியில் ஸ்மித்தின் கதை முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் பாடம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவருக்கு அந்த ஊரில் மிச்சம் ஒரு வருடம்தான். அந்த ஒரு வருடம் மஹோம்ஸை அவர் கூடவே வைத்துக்கொண்டார். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரத்துக்கு எப்படித் தயாராவது என்பதை அவரைப் பார்த்துத்தான் கற்றேன் என்று மஹோம்ஸ் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

இதில் ஏமாந்தது என்ன? சொல்லிக் கொடுத்த அதே 2017-ல்தான் ஸ்மித் தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடினார்: வீசியது 4,042 யார்டு, 26 டச்டவுன் (பந்தை எல்லைக்கோட்டுக்குள் சேர்ப்பது), எதிரணியிடம் போனது வெறும் 5. அந்தக் கணக்கை வைத்துத்தான் வாஷிங்டன் அணி அவரை வாங்கிப் புது கான்ட்ராக்ட்டும் கொடுத்தது. பிறகு 2018 நவம்பரில் கால் முறிந்து, 17 அறுவை சிகிச்சை செய்து, 2020-ல் மறுபடி களத்துக்கு வந்ததெல்லாம் வேறு கதை. கேட்டால் இங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவேன்.

இன்னொரு பக்கம் பிட்ஸ்பர்க். 2018-ல் மேசன் ருடால்ஃப் வந்தபோது பென் ராத்லிஸ்பர்கர், பையன் என்னிடம் கேள்வி கேட்டால் பிளேபுக்கை (அணியின் ஆட்டத் திட்டப் புத்தகம்) காட்ட வேண்டியதுதான் என்று ரேடியோவில் சொன்னார். டானஹிலும் இவரும் ஒன்று என்று நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேடிப் போய்ச் சொல்லிக் கொடுக்க மாட்டேன் என்பது வேறு, வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்பது வேறு. பென் வேடிக்கைக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் 22 வயதுப் பையன் அதைக் கேட்டுவிட்டு அந்த அறைக்குள் எந்த முகத்தோடு நுழைவான்?

சார், விளையாட்டுக் கேள்வி இல்லை, மன்னிக்கவும். என் வேலைக்கு என்னைவிடப் பாதிச் சம்பளத்தில் ஒரு பையனை எடுத்திருக்கிறார்கள். “கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்கிறார் மேனேஜர். பார்த்துக்கொள்ளவா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், சான் ஹோசே

நாஷ்வில் அம்மாவுக்குச் சொன்ன கால் பங்கு இதுதான்.

2009-ல் என்னிடமும் இதே வாக்கியம் சொல்லப்பட்டது. மில்வாக்கிக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை, ஊசி முனையளவு பிசகினாலும் தள்ளிவிடும் உதிரிபாகங்கள். பையனுக்கு 23 வயது, துறுதுறுப்பானவன், என்னை “சார்” என்று கூப்பிட்ட ஒரே வெள்ளைக்காரன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை, அதிலும் தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் என் பொறுப்பில் கணினி ஓட்டும் ஒரு பழைய சி.என்.சி. லேத் (கடைசல் மெஷின்) இருந்தது. ஜனவரிக் குளிரில் காலை முதல் அரை மணி நேரம், அது சூடேறும்வரை, அளவு மெல்ல நகரும். எந்த வேலைக்கு எவ்வளவு ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) தள்ளிப் போட வேண்டும் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்திருந்தேன். முதல் முறை அவன் தனியாக ஓட்டிய காலையில் எனக்குத் தெரியும், பீஸ்கள் வீணாகப் போகப் போகின்றன என்று. நோட்டு என் சட்டைப் பையில் இருந்தது. பத்தடி தள்ளி காபி குடித்துக்கொண்டு நின்றேன். 11 பீஸ் ஸ்கிராப். “ஏன் சார் இப்படி ஆகிறது?” என்று ஓடிவந்து கேட்டான். “மெஷின் பழசுப்பா” என்றேன்.

எட்டு மாதத்தில் அந்தப் பிரிவையே மூடினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கடிதம். வேலை போனதை மறந்துவிட்டேன், வேறு கிடைத்தது. அந்த “மெஷின் பழசுப்பா” மட்டும் இன்னும் காதில் கேட்கிறது.

ஆகவே உங்களுக்கு: வகுப்பெடுக்க வேண்டாம். உங்கள் மேனேஜருக்கு அது வேண்டுமென்றால் உங்கள் வேலை நேரத்தில் அதற்கென்று இடம் ஒதுக்கித் தரச் சொல்லுங்கள், அதுவும் எழுத்தில். உங்கள் வேலையை நீங்கள் வழக்கம்போலச் செய்யுங்கள், அவன் பார்க்கட்டும். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அவன் தடுக்கி விழப்போகும் படி உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதை மட்டும் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், இன்றைக்கே உங்கள் பயோடேட்டாவைத் தூசி தட்டுங்கள். ஸ்மித்தும் அந்த வருடம் நன்றாக ஆடியதால்தான் அவருக்கு வேறு கதவு திறந்தது.

அந்த மாலிக் வில்லிஸ் கடைசியில் என்ன ஆனார்?
– ஒரு வாசகர், டொரண்டோ

முதல் வருடம் டானஹிலுக்குக் கணுக்காலில் அடிபட்டபோது மூன்று ஆட்டங்களில் இறங்கினார், எடுபடவில்லை. அடுத்த வருடமே டைட்டன்ஸ் வில் லெவிஸ் என்று இன்னொருவரைக் கொண்டுவந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் டிராஃப்டின் ஏழாவது சுற்றில் ஒரு ஆளை எடுக்கும் உரிமைக்காக வில்லிஸை எங்கள் கிரீன் பே அணிக்குத் தள்ளிவிட்டார்கள். வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பிரேசிலில் நடந்த முதல் ஆட்டத்தில் லவுக்கு முழங்காலில் அடி. வில்லிஸ் இறங்கி இந்தியானாபொலிஸை வென்றார். அடுத்த ஆட்டம் எங்கே தெரியுமா? நாஷ்வில்லில், டைட்டன்ஸோடு. ஒரு டச்டவுன் வீசினார், ஒன்றைத் தானே ஓடிப் போட்டார், 30-14. எங்கள் வீட்டுச் சோபா ஒன்றுக்கு அன்று கால் ஒடிந்தது.

நாஷ்வில் வாசகியே, அன்றைக்கு உங்கள் வீட்டில் யார் யாருக்குக் கைதட்டினார்கள்? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.