'லாங்மையர்' டிவி தொடரின் ஷெரிஃப் (காவல் தலைவர்) அலுவலகத்தை வயோமிங்கில் தேடுகிறீர்களா?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள பஃபலோவில் அறை போட்டுவிட்டு அந்த அலுவலகத்தைத் தேடினால் கிடைக்காது. கதை நடப்பது வயோமிங்கில். ஆனால் 2012 முதல் 2017 வரை வெளியான இந்தத் தொடரின் படப்பிடிப்பு நடந்தது நியூ மெக்சிகோ மாநிலத்தில். கதையில் டுராண்ட் என்ற ஊராக வருவது அங்குள்ள லாஸ் வேகஸ். ஆம், அதே பெயர்தான்! அவசரத்தில் நெவாடா சூதாட்ட நகரத்துக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

அல்புகர்க்கியில் இறங்கி வாடகைக் கார் எடுங்கள். ஐ-25 நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 200 கி.மீ., இரண்டு மணி நேரம். பழைய பிளாசா சதுக்கத்தை ஒட்டியே அலுவலகக் கட்டடம். வெளிப்புறம் மட்டும்தான் பார்க்கக் கிடைக்கும்.

கதாநாயகன் ஷெரிஃப் வால்ட்டின் மரவீடு வேறு திசை: ஹெமஸ் மலையில், வாயஸ் கால்டெரா தேசியக் காப்பகத்துக்குள். இதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். நெடுஞ்சாலை 4 வழியாகப் போக வேண்டும். உயரம் 2,600 மீட்டர். முதல் நாளே ஏறினால் தலைவலி வரலாம், தண்ணீர் நிறைய குடியுங்கள். பனிக்காலத்தில் உள்ளே கார் விடுவார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

பஃபலோவை ரத்து செய்ய வேண்டாம், ஜூலையில் அங்கே ரசிகர் விழா நடக்கும். ஆனால் பஃபலோவுக்கும் லாஸ் வேகஸுக்கும் இடையே ஏறக்குறைய 1,150 கி.மீ. இருக்கிறது, ஒரே வாரத்தில் இரண்டையும் திணிப்பது வீண் அலைச்சல்.