வண்ணத்துப்பூச்சியாகாத புழு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உருமாற்றத்தை நேரில் காட்டலாம் என்று, புதுச்சேரியில் பறவைத் தீனி விற்கும் கடையில் மீல்வார்ம் புழுக்கள் வாங்கிவந்து கோதுமைத் தவிட்டில் வளர்த்தோம். வகுப்புச் சுவரில் ‘இன்று புழு, நாளை வண்ணத்துப்பூச்சி’ என்று எழுதி ஒட்டியிருந்தேன். கடைசியில் வெளியே வந்தது ஒரு கறுப்பு வண்டு. “இதுக்கா மிஸ் இத்தனை நாள் பார்த்தோம்?” என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். எனக்குப் பதில் வரவில்லை. குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும், நான் கண்டிப்பதும் அதற்குத்தான் என்று அவர்களிடம் அடிக்கடி சொல்வேன். இந்தப் புழுவை வைத்து அவர்களுக்கு என்ன சொல்லலாம்? இது தெர்மோகோலைத் தின்னும் என்கிறார்களே, உண்மையா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பையனின் கேள்வி. அவனை ஏமாற்றியது சுவரில் இருந்த வாசகம்தான். வண்டு என்ன செய்யும்? வண்டின் புழு வண்டாகத்தானே ஆகும்.

முதலில் குளவியை முடித்துவிடுகிறேன். நம் வீட்டு ஜன்னல் மூலையில் மண்கூடு கட்டும் குளவி ஒரு பச்சைப் புழுவைக் கொட்டித் தூக்கிவருகிறது. அந்தக் கொட்டில் புழு சாவதில்லை, அசைய முடியாமல் போகிறது, அவ்வளவுதான். கூட்டுக்குள் அதை வைத்து, கூடவே தன் முட்டையையும் இட்டு, மண்ணால் வாயை அடைத்துவிட்டுப் போய்விடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சு அந்தப் புழுவைத் தின்றே வளர்ந்து, குளவியாகி, மண்ணைக் குடைந்துகொண்டு வெளியே வருகிறது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி என்று நம் முன்னோர் சொன்னது கண்ணால் பார்த்ததைத்தான். உள்ளே நடந்தது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. குருவருளைச் சொல்வதற்கு அந்த உவமை பல நூற்றாண்டுகளாக உதவியிருக்கிறது, அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கொட்டுப்பட்ட புழு எதுவாகவும் ஆவதில்லை, இரையாகிறது. ஒரு பிள்ளையைக் கண்டிப்பதற்கு இதைக் காரணமாகச் சொல்லாதீர்கள் டீச்சர். இதை வேண்டுகோளாகவே கேட்கிறேன்.

உங்கள் தவிட்டு டப்பாவில் யாரும் யாரையும் கொட்டவில்லை. அங்கே நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடும். வெள்ளை நிறம், ஒன்றரை மில்லிமீட்டர் நீளம், மேலே பசை. தவிட்டுத் தூள் ஒட்டிக்கொள்வதால் தேடினாலும் கிடைக்காது. ஒன்றிரண்டு வாரத்தில் நூல் போன்ற புழு வெளியே வருகிறது. அதன் பிறகு அது தின்கிறது, தோலுரிக்கிறது, மறுபடியும் தின்கிறது. இரண்டு மூன்று மாதம் இதுதான் வேலை. குளிர் நாடுகளில் இன்னும் நீளும். இத்தனை முறைதான் தோலுரிக்கும் என்ற கணக்கு இந்தப் புழுவுக்கு இல்லை. பத்து முறையில் முடிப்பதும் உண்டு, இருபதை நெருங்குவதும் உண்டு. தீனியும் சூடும் ஈரமும் சரியாக அமையாவிட்டால் கூடுதலாகச் சில முறை உரித்துக்கொள்ளும். ஒரே நாளில் பொரித்த புழுக்கள்கூட ஒரே நாளில் கூட்டுப்புழு ஆவதில்லை. ஒரே டப்பாவில் எல்லா வயதும் கலந்து கிடப்பதை உங்கள் பிள்ளைகளே பார்த்திருப்பார்கள்.

தவிட்டின் மேல் மஞ்சள் சருகு போல மிதப்பவை உரித்த தோல்கள். லேசாக ஊதினால் பறந்துவிடும். அப்போதுதான் தோலுரித்த புழு பால்வெள்ளையாக, தொட்டால் மெத்தென்று இருக்கும். சில மணி நேரத்தில் இறுகி மஞ்சள் ஏறிவிடும். அந்த வெள்ளைப் புழுவை ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள். தலைக்குப் பின்னால் இருக்கும் ஆறு கால்களை எண்ணச் சொல்லுங்கள். கூட்டுப்புழுவுக்குள் புதிதாக வளர்ந்து வண்டின் ஆறு கால்களாக வெளிவருபவை இதே கால்கள்தான்.

அப்புறம், எப்போது மாறுவது என்பதைப் புழு எப்படி முடிவு செய்கிறது? மூளைக்குப் பின்னால் உள்ள சிறு சுரப்பி ஒன்று இளமை ஹார்மோனைச் சுரக்கிறது. 1930களில் லண்டனில் விக்கிள்ஸ்வொர்த் என்ற அறிஞர், மூட்டைப்பூச்சி போல ரத்தம் குடிக்கும் ஒரு பூச்சியில் இதன் வேலையைக் கண்டறிந்தார். இந்த ஹார்மோன் நிறைய இருக்கும்வரை, ஒவ்வொரு தோலுரிப்புக்குப் பிறகும் வருவது இன்னும் பெரிய புழுதான். அது குறையும்போதுதான் கூட்டுப்புழு. கூட்டுப்புழுவான உடனே வெளியிலிருந்து அந்த ஹார்மோனைப் பூசினால், மீல்வார்மில் வண்டுக்குப் பதில் இரண்டாவது தடவையும் கூட்டுப்புழுவே வரும். வண்டாவதற்கு வேண்டியதெல்லாம் புழுவுக்குள் முன்பே இருக்கிறது. அதுவரை புழுவைப் புழுவாகவே வைத்திருப்பது இந்தச் சுரப்பு.

இதனால்தான் உங்கள் சுவர் வாசகத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அந்த வாசகத்தைப் படிக்கும் பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு, இன்றைக்கு நீ ஒன்றுமில்லை, நாளைக்குத்தான் ஏதாவது ஆவாய் என்றுதான் கேட்கும். நம் ஊரில் பிள்ளைகளிடம் நாம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதும் இதுதான். பத்தாவது முடியட்டும், பன்னிரண்டாவது முடியட்டும், காலேஜ் முடியட்டும். புழு வண்டுக்கான காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கவில்லை. அதன் ஆயுளில் ஏறக்குறையப் பாதி புழுவாகவே கழிகிறது. வண்டுக்குச் சிறகு உண்டு, இருந்தும் பறப்பதே அபூர்வம். அதற்கும் இரண்டு மூன்று மாதம்தான் வாழ்வு. வறண்ட தவிட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத நிலையில், காற்றின் ஈரத்தை மலக்குடல் வழியாக இழுத்துக்கொள்ளும் திறமை இந்தப் புழுவுக்கு உண்டு. அதை அரைகுறை உயிர் என்று எப்படிச் சொல்வது?

புழுப்பருவம் வீணாகவும் போவதில்லை. 1970ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று இதே மீல்வார்மை வைத்துச் செய்யப்பட்டது. புழுவாக இருந்தபோது பழகிக்கொண்ட பாடம் வண்டான பிறகும் நினைவில் தங்கியிருந்தது என்பது அதன் முடிவு. கூட்டுக்குள் எல்லாம் கரைந்து கூழாகிப் புதிதாக உருவாகிறது என்று பாடம் நடத்துகிறோம். குடலும் தசைகளும் பெருமளவு மாறுவது உண்மை, நரம்பு மண்டலத்தில் பெரும்பகுதி அப்படியே தொடர்கிறது. உங்கள் பையனுக்கு நான் பதில் எழுதினால் இதைத்தான் எழுதுவேன்.

அவனுக்கு இன்னொன்றும் காட்டலாம். கூட்டுப்புழுவை மல்லாக்கப் போட்டுப் பாருங்கள். மடித்து வைத்த கால்கள், உணர்கொம்பு, கண் எல்லாம் மெழுகுப் பொம்மையில் செதுக்கியது போலத் தெரியும். பட்டுப்புழு மாதிரி இதற்கு நூல்கூடு கிடையாது, எல்லாமே திறந்த வெளியில். மெல்லத் தொட்டால் வயிற்றை மட்டும் சுழற்றும். அதனால் ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. தீனியோ ஈரமோ குறைந்தால் மற்ற புழுக்களே அதைக் கடித்துத் தின்றுவிடும். எனவே கூட்டுப்புழுக்களைத் தினமும் ஸ்பூனால் எடுத்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். ஆசிரியர் செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், கொட்டுவதைவிட இது எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒரு வாரம், பத்து நாளில் வண்டு வரும். வந்த அன்று அது கறுப்பே கிடையாது. தந்த வெள்ளை, தலைப்பக்கம் மட்டும் லேசான செம்பழுப்பு. பிறகு பழுப்பேறி, சில நாளில் கறுப்பாகும். உங்கள் பிள்ளைகள் திங்கட்கிழமை வந்து பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை வெள்ளை வண்டைப் பார்க்க வையுங்கள்.

தெர்மோகோல் விஷயம் உண்மைதான். 2015ல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்டார்கள். தின்றதில் ஏறக்குறைய பாதி கார்பன் டைஆக்சைடாக வெளியேறியது, அதற்குக் குடல் பாக்டீரியாக்கள் துணை. ஆனால் நூறு புழுக்கள் சேர்ந்து ஒரு நாளில் தின்பது 34 முதல் 39 மில்லிகிராம். ஊர்க் குப்பைக்கு இது வழியாகாது. உங்கள் டப்பாவில் தெர்மோகோல் போடவும் வேண்டாம், அந்தப் புழுவைப் பிறகு கோழிக்குப் போட மனம் வராது.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். கடலூர்க் கடல்காற்றில் தவிடு சீக்கிரம் பூசணம் பிடிக்கும். ஈரத்துக்குக் கேரட் துண்டு போதும், தண்ணீர் தெளிக்காதீர்கள், வாடிய துண்டை அன்றே எடுத்துவிடுங்கள். கத்திரி வெயிலில் டப்பாவை ஜன்னலோரம் வைக்க வேண்டாம், 25 முதல் 28 டிகிரிதான் அவற்றுக்கு இதம். இந்த வண்டு தானியக் கிடங்குகளின் பூச்சி. நம் வீட்டு மைதாவில் ஓடும் சின்னச் சிவப்பு வண்டுக்குப் பங்காளி. அதனால் எதையும் வெளியே விடக் கூடாது. முக்கியமாக, பழைய தவிட்டை உடனே குப்பையில் கொட்டாதீர்கள், முட்டைகள் அதில்தான் இருக்கும். ஒரு மாதம் மூடி வைத்திருந்து சலித்துப் பாருங்கள். அடுத்த எட்டாம் வகுப்புக்குக் கடைக்குப் போக வேண்டியிருக்காது.