வாசகர் கேள்வி-பதில்: பெயின்ட் அடித்து மறைத்த எழுத்து

கேள்வி: மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலை இப்போதுதான் படித்து முடித்தேன். பெண்கள் படிக்கவே கூடாது என்று சட்டம் போடும் கிலியட் நாட்டை அவர் ஏன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் கொண்டுபோய் வைத்தார்? பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கும் பகுதி அல்லவா அது? (கல்லூரி மாணவி, தூத்துக்குடி)

பதில்: அதனாலேயேதான் அங்கே வைத்தார் என்று நினைக்கிறேன். மாசசூசெட்ஸின் தலைநகரான பாஸ்டன், 1630-இல் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான இங்கிலாந்துக் கிறிஸ்தவர்கள் உருவாக்கிய ஊர். வழிபாட்டுச் சுதந்திரம் தேடிக் கப்பலேறி வந்தவர்கள் என்பார்கள், சரி, ஆனால் அந்தச் சுதந்திரத்தை அடுத்தவருக்குக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. குவேக்கர் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டயர் என்ற பெண்ணை, ஊரைவிட்டுத் துரத்தியும் திரும்பி வந்தார் என்பதற்காக 1660-இல் அதே பாஸ்டனில் தூக்கில் போட்டார்கள். ஹார்வர்டு கல்லூரியை 1636-இல் தொடங்கியதும் இவர்கள்தான். நாவலில் தூக்கிலிட்ட உடல்களைத் தொங்கவிடுகிறார்களே ஒரு மதில், அது ஹார்வர்டின் மதில். கிலியட் என்பதும் பைபிள் பெயர்தான், தமிழ் பைபிளில் கீலேயாத் என்று வரும்.

அட்வுட் 1960-களின் தொடக்கத்தில் அங்கே படித்தவர். அப்போது ஹார்வர்டின் லமாண்ட் நூலகத்துக்குள் மாணவிகளை விடமாட்டார்கள். 1967-இல்தான் விட்டார்கள். நவீன கவிதைப் புத்தகங்கள் உள்ளே, கவிதை எழுதுகிற இந்தப் பெண் வெளியே.

இதை மனதில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வரும் பக்கங்களை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். துணிக்கடைப் பலகையில் லில்லிப் பூ படம் மட்டும் இருக்கும், கீழே இருந்த எழுத்தின்மேல் பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள், மறைத்த இடம் தெரியும். பால், முட்டை விற்கும் கடைக்கு மூன்று முட்டை, ஒரு தேனீ, ஒரு பசு. கறிக்கடைக்குச் சங்கிலியில் தொங்கும் மரத்தாலான கறித்துண்டு. சாமான் வாங்கும் டோக்கனிலும் படம்தான். கூடையோடு அந்த வழியே நடந்துபோகிற, கதையைச் சொல்லும் பெண்ணோ முன்பு நூலகத்தில் வேலை பார்த்தவள்! தூக்குமதிலைவிட இந்தப் பெயின்ட்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. யாரோ ஒருவர் ஏணி போட்டு ஏறி, ஒரு காலை நேரத்தில் முடித்துவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு போயிருப்பார். அடுத்து பிறக்கும் பெண்பிள்ளைக்கு அங்கே எழுத்து இருந்ததே தெரியாது.

கேள்வி: அதே நாவலில் மீன்கடை எப்போதும் மூடியே கிடக்கிறதே, கடலோரத்தில் அது எப்படி? (மீனவர் குடும்பத்து வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: கடலில் மீன் அற்றுப்போய்விட்டது. வளர்ப்பு மீன் எப்போதாவது வரும், அதிலும் சேற்று வாடை. நாவல் வந்தது 1985-இல். ஏழே வருடத்தில், 1992-இல், வடக்கே கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன்பிடிப்பையே அரசு நிறுத்தியது, பல்லாயிரம் பேருக்குப் பிழைப்பு போயிற்று. பெரிய கப்பல்கள் வருடக்கணக்கில் இழுவைமடி போட்டு அள்ளியது அதற்குப் பெரிய காரணம், இது உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் 1994-இல் மாசசூசெட்ஸுக்குக் கிழக்கே ஜார்ஜஸ் பேங்க் என்ற கடற்பகுதியிலும் பெரும்பரப்பை மீன்பிடிப்புக்கு மூடினார்கள்.

அந்தக் கரையை வாழவைத்ததே காட் மீன்தான், கேப் காட் என்று முனைக்கே அதன் பெயர். பாஸ்டன் சட்டமன்றத்தில் மரத்தில் செதுக்கிய காட் மீன் ஒன்று, கிட்டத்தட்ட 5 அடி நீளம், இன்றைக்கும் உறுப்பினர்களின் தலைக்குமேல் தொங்குகிறது. நாவலின் மீன்கடை வாசலிலும் ஒரு மரப்பலகை மீன், இமைமுடியெல்லாம் வைத்து, சிரித்த முகமாக.