லேப்டாப் ஃபேன் ஓயாமல் இரைகிறது, ஸ்பீட்ஃபேன் போட்டால் ஃபேனே தெரியவில்லை. வேகத்தைக் குறைக்க என்ன வழி?

ஃபேன் வேகத்தை மாற்றும் ஸ்பீட்ஃபேன் மென்பொருள் டெஸ்க்டாப் மதர்போர்டுகளை நினைத்து எழுதப்பட்டது. லேப்டாப்பில் ஃபேனைப் பார்த்துக்கொள்வது எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனி சிப், சுருக்கமாக ஈசி. கீபோர்டு, பேட்டரி சார்ஜிங், மூடி திறந்திருக்கிறதா என்பதெல்லாமும் அதன் பொறுப்புதான். எத்தனை டிகிரிக்கு எவ்வளவு வேகம் என்ற கணக்கைத் தயாரிப்பாளரே அதற்குள் எழுதிவிடுகிறார். பெரும்பாலான மாடல்களில் விண்டோஸுக்கு அதில் பேச்சுரிமை கிடையாது. ஆகவே நீங்கள் இன்ஸ்டால் செய்ததில் தவறில்லை.

ஃபேனை நேரடியாகப் பிடிக்கும் வழியும் உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் அதில் தொடங்காதீர்கள். சிபியு 25 வாட் தின்றுகொண்டிருக்கும்போது ஃபேனை அடக்கினால் சூடு 95, 100 டிகிரிக்குப் போய், சிபியு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். வாட்டைக் குறைத்தால் ஃபேன் தானாக அடங்கும். ஃபேன் சத்தம் வேகத்தோடு மிகச் செங்குத்தாக ஏறக்கூடியது: 5000 ஆர்பிஎம்மிலிருந்து 4000-க்கு இறக்கினாலே ஏறக்குறைய 5 டெசிபல் குறையும், 3500-க்கு இறக்கினால் 7, 8 டெசிபல். அதனால் சில வாட் மிச்சம் பிடித்தாலே காதுக்குத் தெரியும்.

முதலில் அளந்து பாருங்கள். சூடு, வாட் போன்றவற்றைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை 'சென்சார்ஸ் ஒன்லி' என்று திறந்து, எந்த வேலையும் கொடுக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். 'சிபியு பேக்கேஜ் பவர்', 'சிபியு பேக்கேஜ்' வெப்பநிலை இரண்டும் போதும். மெல்லிய லேப்டாப்புகளில் வரும் யு-வரிசை சிபியு சும்மா இருக்கும்போது 2 முதல் 5 வாட்டுக்குள் இருக்க வேண்டும். 10 வாட்டுக்கு மேல் காட்டினால் பின்னணியில் ஏதோ ஓடுகிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியு பத்தியைச் சொடுக்கி வரிசைப்படுத்தினால் ஆள் சிக்கிவிடும். பெரும்பாலும் ஆன்டிமால்வேர் சர்வீஸ், சர்ச் இண்டெக்ஸர், அல்லது மறந்துபோன ஒரு பிரவுசர் டேப். வாட் குறைவாக இருந்தும் சூடு மட்டும் அதிகம், அதாவது 5 வாட்டுக்கே 70 டிகிரி என்றால், எந்த செட்டிங்கும் உதவாது. தூசி, அல்லது சிபியுவின் சூட்டைக் கடத்தப் பூசிய பேஸ்ட் காய்ந்துபோனதுதான் காரணம். ஏசி இல்லாத மே மாத அறையில் அளக்கிறீர்கள் என்றால் அதற்கும் கழிவு கொடுங்கள்: அறை 25-லிருந்து 37 டிகிரிக்கு ஏறினால், அதே வாட்டுக்கு சிபியுவும் சுமார் 12 டிகிரி கூடவே ஏறும்.

சும்மா இருக்கும்போது எல்லாம் சரி, வேலை செய்தால்தான் இரைச்சல் என்றால் டர்போவை, அதாவது சிபியு தன் அடிப்படை வேகத்தைத் தாண்டிப் போவதைக் கவனியுங்கள். 15 வாட் என்று விற்கப்படும் இன்டெல் சிபியு சில விநாடிகளுக்கு 40 வாட்டுக்கு மேலும் இழுக்க அனுமதி வைத்திருக்கும். அந்தக் குறுகிய உச்ச வரம்புக்கு பிஎல்2 என்று பெயர், நீடித்த வரம்பு பிஎல்1. ஒரு டேப் திறந்ததும் ஃபேன் சீறி எழுவது பிஎல்2-வால்தான்.

எளிய தடுப்பு: கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ் போய், பிராசசர் பவர் மேனேஜ்மென்ட்டுக்குள் மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்டை 100-லிருந்து 99 ஆக்குங்கள். டர்போ மொத்தமாக நின்றுவிடும். உடனே அமைதி கிடைக்கும், ஆனால் முரட்டு வைத்தியம். ஐ5-8250யு என்றால் 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போனது 1.6-இல் நின்றுவிடும். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் இந்தப் பகுதியே மறைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் இருக்கும் 'சிஸ்டம் கூலிங் பாலிசி'யைப் பாஸிவ் ஆக்கச் சொல்வார்கள். ஈசி தன் கணக்குப்படி நடக்கும் மாடல்களில் அதனால் ஒன்றும் நடக்காது.

என் பரிந்துரை, இன்டெல் சிபியுவின் வரம்புகளை மாற்றும் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருள். அதில் டிபிஎல் என்ற வாட் வரம்புப் பக்கத்தில் பிஎல்1-ஐ 15 வாட்டிலேயே விட்டுவிட்டு, பிஎல்2-வை 20 அல்லது 22 ஆக்குங்கள். டர்போ நேரம் 28 விநாடி என்றிருந்தால் 8 ஆக்குங்கள். வேகம் கூடக்கூட வோல்டேஜும் கூட வேண்டியிருப்பதால் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் அநியாயத்துக்கு மின்சாரம் தின்னும். அதை வெட்டினால் நஷ்டம் குறைவு, அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது. பூட்டுக் குறி தெரிந்தால் தயாரிப்பாளர் அடைத்துவிட்டார் என்று பொருள். மறுபடி ஆன் செய்யும்போது அமைப்பு நிலைக்க, டாஸ்க் ஷெட்யூலரில் சேர்க்க வேண்டும். ஏஎம்டியின் ரைசன் சிபியு என்றால் இதே வேலைக்கு ரைசன்அட்ஜ். அங்கே அளவு மில்லிவாட்டில், 15 வாட்டுக்கு 15000 என்று கொடுக்க வேண்டும். சார்ஜரைச் சொருகினாலோ பவர் மோடை மாற்றினாலோ பழைய அளவுக்குத் திரும்பிவிடுவதுண்டு, மீண்டும் ஓட்டுங்கள்.

வோல்டேஜைக் குறைக்கும் அண்டர்வோல்ட் முறை பழைய பதில்களில் நிறைய வரும். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு பயாஸ் அப்டேட்டில் அதைப் பல நிறுவனங்கள் அடைத்துவிட்டன. திறந்திருந்தால் 50 மில்லிவோல்ட் குறைத்துத் தொடங்குங்கள்.

தயாரிப்பாளர் கொடுத்த வசதியை விட்டுவிடாதீர்கள்: லெனோவோ ஐடியாபேட், லீஜனில் எஃப்என்+க்யூ, அசுஸின் பல மாடல்களில் எஃப்என்+எஃப்5 அழுத்தினால் அமைதி மோடுக்கு மாறும். எச்பியில் பயாஸுக்குள் 'ஃபேன் ஆல்வேஸ் ஆன்' என்று ஒன்று இருக்கும். சார்ஜரில் இருக்கும்போது ஃபேன் நிற்காததற்குப் பல நேரம் அதுவே காரணம், டிசேபிள் செய்துவிடுங்கள்.

இனி தூசி. வெளியிலிருந்து ஓட்டை வழியே காற்றடிப்பது அரை வேலைதான். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு போல ஒரு படலம் படிந்திருக்கும், வெளியிலிருந்து ஊதினால் அது ஃபேனுக்குள் போய் விழும். அடிமூடியைக் கழற்றி, முதல் காரியமாக பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்கள். ஃபேனைத் தனியாக எடுத்துப் படலத்தை உரித்தெடுங்கள். காற்றடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். சிபியுவின் சூட்டை வாங்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்கைக் கழற்றினால் பேஸ்ட்டை மாற்றியே ஆக வேண்டும். லேப்டாப் சிபியுவில் மேல்மூடி இல்லாததால் இளகலான பேஸ்ட் சூடேறி ஆறும் சுழற்சியில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். கெட்டியான பேஸ்ட், அல்லது பிடிஎம்7950 என்ற உருகும் தாள் நீடிக்கும். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஸ்க்ரூக்களை ஹீட்சிங்க்கில் பொறித்திருக்கும் எண் வரிசைப்படி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். தெர்மல் பேட் (சூடு கடத்தும் மெத்தைத் துண்டு) கிழிந்தால் அதே தடிமனில் வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் சிபியுவில் படியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஃபேன் நடத்தை பிடிக்கவில்லை என்றால், முதலில் சொன்ன நேரடி வழி: ஈசிக்குள்ளேயே எழுதும் நோட்புக் ஃபேன்கன்ட்ரோல். ஈசியின் முகவரிகள் மாடலுக்கு மாடல் வேறு என்பதால், உங்கள் மாடலுக்குரிய கோப்பு இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். 'கிட்டத்தட்ட அதே மாடல்' கோப்பைப் போட்டால் சார்ஜிங்குக்குரிய இடத்தில் போய் எழுதவும் வாய்ப்புண்டு. இத்தகைய மென்பொருள்கள் பலவும் நம்பியிருக்கும் வின்ரிங்0 டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதால் விண்டோஸ் டிஃபெண்டர் தடுக்கலாம். தடுத்தால், வேலை பார்க்கும் மெஷினில் டிஃபெண்டரை அணைத்துவிட்டு ஓட்ட நான் சொல்லமாட்டேன்.

அதில் எத்தனை டிகிரிக்கு எவ்வளவு வேகம் என்ற அட்டவணை போடும்போது ஃபேன் வேகம் ஏறும் டிகிரியும் இறங்கும் டிகிரியும் ஒன்றாக இருக்கக் கூடாது. சிபியு ஒரு விநாடியிலேயே 15, 20 டிகிரி ஏறி இறங்கும். இடைவெளி இல்லாவிட்டால் ஃபேன் நிமிடத்துக்குப் பத்து முறை எழுந்து அடங்கும், அது சீரான இரைச்சலைவிடக் கொடுமை. 62-ஐத் தொட்டால் 30 சதவீதம், 50-க்கு வந்தால் நிற்கட்டும். 74-இல் 50 சதவீதம், இறங்க 64. 84-இல் 75 சதவீதம், இறங்க 75 டிகிரி. 90-இல் முழு வேகம், இறங்க 82. முதல் படியை 20 சதவீதத்துக்குக் கீழே வைக்காதீர்கள். சுற்றும் ஃபேனை ஓட்டிக்கொண்டிருப்பதைவிட நின்ற ஃபேனைக் கிளப்ப அதிக விசை வேண்டும், சில ஃபேன்கள் துடித்துக்கொண்டே நின்றுவிடும்.

லினக்ஸ் போட்ட திங்க்பேட் இதில் பாக்கியசாலி. டிரைவரிலேயே 0 முதல் 7 வரை நிலைகள் உண்டு, ஃபேன் கன்ட்ரோல் அனுமதியை மட்டும் இயக்கினால் திங்க்ஃபேன் என்ற மென்பொருள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். டிரைவரின் வாட்ச்டாக் (குறித்த நேரத்துக்குள் கட்டளை வராவிட்டால் ஃபேனைத் தானியங்கி முறைக்கு மாற்றும் காவல்) நேரத்தைக் கட்டாயம் வையுங்கள், 120 விநாடி வரை கொடுக்கலாம். திங்க்ஃபேன் செத்துப்போனால் ஃபேன் அதே நிலையில் மாட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான்.

கடைசியாக, சத்தம் காற்றிரைச்சலாக இல்லாமல் கரகரப்பாகவோ, லேப்டாப்பைச் சாய்த்தால் மாறுவதாகவோ இருந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது, அல்லது ஏதோ ஒயர் இறக்கையில் உரசுகிறது. ஒயரை ஒதுக்கலாம். பேரிங் என்றால் எண்ணெய் விட்டு ஓட்டுவது சில வாரக் கதை. ஃபேனின் ஸ்டிக்கரில் இருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்துப் புதிது வாங்குங்கள். இரண்டு ஃபேன் உள்ள மாடலில் சிபியு பக்கமும் ஜிபியு பக்கமும் வேறு வேறு, ஆர்டர் போடும் முன் அதைச் சரிபாருங்கள்.