அறுபதைத் தாண்டிய அம்மாவுக்கு மறதியும் சிடுசிடுப்பும் கூடிக்கொண்டே போகிறது. வைட்டமின் குறைந்தாலும் இப்படி ஆகுமா?

ஆகும். வைட்டமின் பி12 குறைந்து எங்கள் வீட்டிலேயே ஆனது. நான் டாக்டர் இல்லை, யாங்கோனில் பருப்புக் கடை வைத்திருப்பவன். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் அம்மாவுக்கு அப்போது 67. கடைக் கணக்கு முழுவதையும் நோட்டில்லாமல் மனசிலேயே போடுகிறவர், பணம் கொடுத்த ஆளிடமே மறுபடி பணம் கேட்க ஆரம்பித்தார். சுட்டிக்காட்டினால் கோபம். குழம்பில் உப்பில்லை என்று பேத்தி சொன்னதற்கு இரண்டு நாள் யாரோடும் பேச்சில்லை. "வயசாயிடுச்சு, விடுப்பா" என்றார் சித்தப்பா. நாங்களும் விட்டோம். ஒரு வருஷம் போய்விட்டது.

பீலிக்கான் கோவிலுக்குப் போன அன்று, பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகு பார்க்கிறேன், அம்மாவின் இடது காலில் செருப்பே இல்லை. கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. கால் அவ்வளவு மரத்துப் போயிருந்தது. அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடிச் சுவரைப் பிடிப்பார். நாக்கு எரிகிறது என்று ஊறுகாயைத் தொடமாட்டார்.

இதற்கு முன்பே ஒரு கிளினிக்கில் ரத்தம் குறைவு என்று ஃபோலிக் ஆசிட் கொடுத்திருந்தார்கள். ரத்தம் ஏறியது, கால் மரமரப்பும் கூடவே ஏறியது. பி12 குறைந்து வருகிற ரத்தசோகையை ஃபோலிக் ஆசிட் சரிசெய்து காட்டிவிடுமாம், நரம்பு அதுபாட்டுக்குக் கெட்டுக்கொண்டே இருக்குமாம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும்.

நரம்பு டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி. என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன மாத்திரை போடுகிறீர்கள்? அப்பா போன பிறகு ஆறு வருஷமாக அம்மா சைவம். மீன் குழம்பில் செய்வதால், மொயிங்கா என்கிற பர்மா நூடுல்ஸும் கிடையாது. பால் என்றால் டீயில் விடுகிற டின்பால்தான். சர்க்கரைக்குப் பத்து வருஷமாக மெட்ஃபார்மின்.

பி12 மீன், கறி, முட்டை, பாலில் இருக்கிறது. காய்கறியில், பருப்பில் கிடையாது. ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும், ஈரலும் சில வருஷத்துக்குச் சேர்த்து வைத்திருக்கும். அதனால்தான் சைவத்துக்கு மாறிய கையோடு ஒன்றும் தெரியாது. மெட்ஃபார்மினும், வருஷக்கணக்கில் போடுகிற அசிடிட்டி மாத்திரையும், வயிற்றுக்கு வந்த பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ரத்தப் பரிசோதனையில் பி12 அளவு 200-க்குக் (pg/mL) கீழே போனால் குறைவு என்றார்கள். அம்மாவுக்கு 118.

ஊசி மருந்து மாதுளைச் சாறு மாதிரி சிவப்பு, அந்த வைட்டமினின் நிறமே அதுதான். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், இப்போது மாதம் ஒன்று. சிடுசிடுப்பு ஒரு மாதத்தில் போனது. கணக்கு திரும்ப மூன்று நான்கு மாதம் ஆனது.

எல்லா மறதிக்கும் இதுதான் காரணம் என்று நினைக்காதீர்கள். பி12 சரியாக இருப்பவருக்கு ஊசி போட்டு மறதி தீராது. தைராய்டையும் சேர்த்தே பாருங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். ஆனால் நாள் கடத்தாதீர்கள். எங்கள் அம்மாவின் இடது கால் விரல்களுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை. பின்னால் வார் வைத்த செருப்புதான் போடுகிறார்.